குறை கேட்க வந்தவருக்குப் பொன்னாடை

அண்ணனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றுதான் அமெரிக்கா போனேன். போன இடத்தில் அதிபரின் ஆலோசகர் ஒருவருக்குப் பின்னால் மூன்று மாநிலம் சுற்றிவிட்டு வந்தேன் என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அண்ணன் மகள் கயல். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் வளர்ந்த பெண். சிறுபான்மையினர் விவகாரம், நகர்ப்புற விவகாரம் இரண்டிலும் அதிபருக்கு ஆலோசனை சொல்லும் மனிதரிடம் வேலை பார்க்கிறாள். அவர் கறுப்பினத்தவர், அறுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் ஆலைகள் மூடிப்போன ஊர் ஒன்றுக்கு மேயராக இருந்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று கயல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஆலோசகர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதிபருக்கே ஆலோசகர் என்றால் கையெழுத்துப் போட்டதும் பாலம் எழும்பும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. பணம் ஒதுக்க அவரால் முடியாது, சட்டம் போடவும் முடியாது. ஊர் ஊராகப் போய் "இங்கே என்ன சரியில்லை?" என்று கேட்பார். கேட்டதைச் சுருக்கி அதிபருக்கு எழுதுவார். பிறகு எந்தத் துறை அசைய வேண்டுமோ அந்தத் துறைக்கு விடாமல் போன் போடுவார். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்கும் மேஜையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள் நான். அந்த வேலை எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எங்களிடம் ஜனங்கள் வருவார்கள், இவர் ஜனங்களைத் தேடிப் போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த முறை அவர் தேடிப் போனது நம் ஆட்கள் நிறைந்த புறநகர்களை. அண்ணன் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும், "நீங்களும் வாங்க அத்தை, வந்ததுலருந்து கிச்சனும் பெட்ரூமும்தான் பாக்கறீங்க" என்றாள் கயல். தங்குவது தெரிந்தவர் வீட்டில், செலவு என்னுடையது, கூட்டத்தில் பார்வையாளர் நாற்காலி, வாயைத் திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் கஷ்டமாக இருந்தது.

முதல் கூட்டம் பிஸ்கட்டவேயிலேயே, ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். ஆலோசகருக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஊர்த் தமிழ்ச் சங்கத்தார் அந்த ஒரு மணி நேரத்தை விழாவாக்கிவிட்டார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, அமெரிக்க தேசிய கீதம், குத்துவிளக்கு. நெருப்பு வைத்தால் கூரையில் மணி அடித்துவிடும் என்று பேட்டரி விளக்கு. ஆலோசகர் சுவிட்சை அழுத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் குழந்தை பரதம் ஆடியது, இன்னொன்று ஆடியது, மூன்றாவது அழுதுகொண்டே ஆடியது. வரவேற்புரை முடிந்து பொன்னாடை. ஆலோசகர் ஆறடிக்கு மேல், போர்த்த வந்தவர் எம்பித்தான் போர்த்தினார். அப்புறம் நினைவுப் பரிசாக ஒரு நடராஜர்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஆலோசகர் மைக்கை வாங்கி, "நான் திரும்பிப் போய் அதிபரிடம் என்ன சொல்ல வேண்டும்? உங்களுக்கு இங்கே என்ன குறை?" என்று கேட்டார்.

சங்கத் தலைவர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "ஒரு குறையும் இல்லை ஐயா. நாங்கள் உழைக்கிறோம், வரி கட்டுகிறோம், எங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆலோசகர் நடராஜரைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குப் போய்விட்டார்.

அவர் கார் வாசலைத் தாண்டியிருக்காது, மெதுவடை வரிசையில் குறைகள் பொங்க ஆரம்பித்தன. எனக்கு முன்னால் நின்றவர், "கிரீன் கார்டுக்கு வெயிட் பண்ணியே தலை நரைச்சிருச்சு" என்றார். அவர் மனைவி டே கேரில் இடமில்லாததால் வேலையை விட்ட கதையைச் சொன்னார். பின்னால் ஓர் அம்மாள், தெருவில் நடைபாதை பாதியில் நின்றுவிடுவதால் மாமனார் வெளியே போவதையே விட்டுவிட்டார் என்றார். ஒரு தட்டு சாம்பார் வடை தீர்வதற்குள் ஒரு திங்கட்கிழமைக்குத் தேவையான மனுக்கள் என் காதில் விழுந்துவிட்டன. வாங்க வேண்டியவர்தான் இல்லை.

"இதையெல்லாம் நீயே எழுதிக் கொடுத்துவிடேன்" என்றேன் கயலிடம்.

"முடியாது அத்தை. கூட்டத்துல அந்த ஊர்க்காரர் ஒருத்தர் அவர் வாயால சொல்லணும். அதான் ரிப்போர்ட்ல ஏறும். நானா எழுதினா ஸ்டாஃப் ஒப்பீனியன்னு கட் பண்ணிருவாங்க." வடையைக் கடித்த வேகத்தில் அவள் கோபம் தெரிந்தது. "ஆறு மாசமா கெஞ்சி இந்த டூர்ல நம்ம ஊருங்களையும் சேர்த்தேன். இவங்க என்னன்னா சந்தோஷமா இருக்கோம்னு சொல்றாங்க."

அடுத்தது கலிஃபோர்னியா. ஓக்லாந்தில் ஒரு கறுப்பின மக்களின் தேவாலயத்தில் முதலில் ஒரு கூட்டம், மறுநாள் டப்ளினில் நம் ஆட்களோடு இன்னொன்று. ஓக்லாந்தில் நடந்ததைப் பார்த்தபோது சொந்த ஊர் ஆபீஸுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. மைக்குக்கு முன்னால் வரிசை வாசல் வரை நின்றது. ஒரு பாட்டியம்மாள், தொப்பி வைத்தவர், ஆலோசகரைப் பார்த்து, "போன தடவை வந்தபோதும் இப்படித்தான் தலையை ஆட்டினாய். விளக்குக் கம்பம் இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. உன் அம்மா உன்னை இப்படியா வளர்த்தாள்?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். கயல் எனக்காகத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆலோசகர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட அதிகாரியை என் முப்பது வருட சர்வீஸில் பார்த்ததில்லை.

டப்ளினுக்கு ரயிலில் போனோம். ரயில் நடுவில் கிளை பிரியும் என்று கயல் சொன்னதைக் கேட்காமல், கதவு மூடப்போகிறதே என்று நான் ஓடிப்போய் ஏறியது வேறு கிளைக்குப் போகும் ரயில். எனக்காக அவளும் ஏறிவிட்டாள். ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலுக்குக் காத்திருந்தோம். குளிர்காற்று காதைப் பிய்த்தது. பக்கத்தில் ஒரு மெக்ஸிகோ நாட்டு அம்மாள், மூடிய வாளியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, வாளியிலிருந்து சோளத்தோகையில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் ஆவி பறக்கும் காரக் கொழுக்கட்டை, சோளமாவில். நம் ஊரில் வாழையிலை, இங்கே தோகை. "தப்பான ரயில்ல ஏறினா பசிக்கும், சாப்பிடுன்னு சொல்றாங்க அத்தை" என்றாள் கயல். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் சொல்லித்தராமல் விட்டது அநியாயம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

டப்ளின் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு உண்டு, பரதம் உண்டு, பொன்னாடை உண்டு. ஒரு பொறியாளர் திரையில் படம் போட்டு 'சவால்கள்' என்று தலைப்புக் கொடுத்தார். கயல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த பக்கத்திலேயே சவால்கள் எல்லாம் வாய்ப்புகளாக மாறிவிட்டன. கயல் மறுபடி சாய்ந்துகொண்டாள்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஆலோசகர் காகிதக் கப்பில் மசாலா டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பொன்னாடை கையில் மடித்துக் கிடந்தது. கயலின் அத்தை என்று தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

"உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் மக்கள் நிஜமாகவே நன்றாக இருக்கிறார்களா, இல்லை, மரியாதைக்காகச் சொல்கிறார்களா?"

எனக்கு ஆபீஸ் ஆங்கிலம்தான் வரும். இருந்தாலும் சொன்னேன். "எங்கள் ஊரில் மந்திரி வந்தால் பொன்னாடை போர்த்துவோம் சார். போர்த்துகிற கையாலேயே மனுவையும் திணித்துவிடுவோம். பொன்னாடையே அதற்குத்தான். இங்கே வந்தவர்கள் பொன்னாடையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் மேயராக இருந்தபோது ஒரு தெருவிலிருந்து மட்டும் புகாரே வராது. நல்ல தெரு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நடந்து போய்ப் பார்த்தேன். அப்படியொரு மோசமான தெரு எங்கள் ஊரில் வேறு இல்லை."

டெக்சாஸுக்கு நான் கயலுக்கு முன்பே போய்விட்டேன். அங்கே எனக்குச் சொந்த வேலை இருந்தது. தாராபுரத்தில் அரசு குடியிருப்பில் பக்கத்து வீட்டில் இருந்த வசந்தா, மகன் பிரபுவோடு ஃபிரிஸ்கோவைத் தாண்டி ஒரு புது ஊரில் இருக்கிறாள். ஊர்ப் பெயர் வேண்டாம். வசந்தா என்னைவிட ஒரு வயது சிறியவள், இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் கணவர் முருகேசன் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் நடக்கிறது என்று போனில் கேட்டதுதான். ஆளைப் பார்த்தபோது திக்கென்றது. கபடி ஆடிய உடம்பு பாதியாகிவிட்டது.

பிரபுதான் விமான நிலையத்துக்கு வந்தான். அந்த ஊர்க் கூட்டத்தை நடத்துவதும், மைக் பிடித்துத் தொகுத்து வழங்குவதும் அவன்தான் என்று வண்டியில் சொன்னான். கண்ணுக்குக் கீழே கருவளையம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கொட்டாவி.

மறுநாள் கொத்தமல்லி வாங்கக் கிளம்பினேன். வீட்டு மாடி ஜன்னலிலிருந்தே கடை தெரிகிறது, நடந்தால் போயிற்று. நடைபாதை கொஞ்ச தூரம் அழகாக வந்து, ஒரு புல் பள்ளத்தில் சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிட்டது. அதற்கப்பால் ஆறு தட ரோடு. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் முழித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரிய டிரக் வந்து நின்றது. கவ்பாய் தொப்பிக்காரர் எட்டிப் பார்த்து, "வண்டி எங்கேம்மா கெட்டு நிற்கிறது?" என்றார். வண்டி இல்லை, நடந்து வந்தேன் என்றதை அவர் நம்பவில்லை. கடையில் இறக்கிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வீட்டிலும் விட்டுவிட்டுத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார். மனிதர்கள் நல்லவர்கள்தான். கொத்தமல்லிக்கு நல்ல மனிதர் தேவைப்படும் ஊர் எனக்கு ஒத்துவராது.

மத்தியானம் வசந்தா அரிசிம்பருப்புச் சோறு செய்தாள். அண்ணனுக்கு மட்டும் தனியாகத் தக்காளி போடாத ரசம். தண்ணீர்கூட ஒரு சின்ன டம்ளரில் அளந்துதான். அண்ணன் படுக்கப் போனதும் அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

காலையில் ஐந்தரைக்கு டயாலிசிஸ் நாற்காலி. பிரபு கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் மறுபடி போய்க் கூட்டிவர வேண்டும். மருமகள் மருத்துவமனையில் நர்ஸ், விடிகாலையில் அவளுக்கு ஷிஃப்ட். ஆபீஸில் எட்டு மணி மீட்டிங்கைத் தொடர்ந்து தவறவிட்டதற்குப் பிரபுவுக்கு எழுத்திலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு வேறு.

"இந்த ஊர்ல வயசானவங்களுக்குன்னு வேன் இருக்குதுங்கக்கா. போன் பண்ணுனா வூட்டுக்கே வரும். ஆனா அந்த சிக்னல் வரைக்குந்தான் வரும். டயாலிசிஸ் சென்டர் சிக்னலுக்கு அந்தப் பக்கம். அது வேற ஊராமா. அந்த ஊர் வேன் இந்தப் பக்கம் வராது, இந்த ஊர் வேன் அந்தப் பக்கம் போவாது."

எனக்குப் புரியாமல் இருக்குமா. நகராட்சி எல்லைக்கும் பஞ்சாயத்து எல்லைக்கும் நடுவில் கிடக்கும் குப்பைக்காக இரண்டு ஆபீஸும் மாறி மாறிக் கடிதம் எழுதியதை வருடக்கணக்கில் ஃபைலில் கட்டியவள். ஆனால் அங்கே கிடந்தது குப்பை.

"பிரபு ஒருக்கா சிகாகோ போயிருந்தானுங். பக்கத்து வூட்டுல கூட்டிட்டுப் போறாங்கன்னு அவன்கிட்டப் பொய் சொல்லீட்டு, வேன்ல சிக்னல் வரைக்கும் போயி எறங்கி நடந்தோம். போறப்ப எப்படியோ போயிட்டோம். வர்றப்ப அவுரால முடியல. நடு ரோட்டுத் திட்டுல உக்காந்துட்டாரு. ரெண்டு பக்கமும் வண்டி பறக்குது. சிக்னல் மாறி மாறி விழுகுது, எந்திரிக்க முடியலைங்கறாரு. நான் சேலையப் புடிச்சுட்டு நிக்கறேன்." குழாயைத் திறந்துவிட்டாள். "பிரபுகிட்டச் சொல்லீராதீங்கக்கா. இப்ப இவுரு, வியாழக்கிழமைய உட்டுப்போடலாம், வாரத்துக்கு ரெண்டு நாள் போதும், பையனுக்கு வேலை போயிருமுங்கறாரு. டாக்டரு, ஒரு நாள் உட்டாலும் உசுருக்கு ஆபத்துன்னு சொல்லிப்போட்டாரு. போன வியாழக்கிழமை காய்ச்சல்னு பொய் சொல்லிப் படுத்துட்டாரு."

ஆலோசகர் வருவதை அப்போதுதான் சொன்னேன். இரண்டு ஊர் எல்லையைத் தாண்டும் வேன் என்பது இரண்டு ஊராலும் முடியாத காரியம். மேலேயிருந்து ஒருவர் இரண்டு பேரையும் உட்கார வைத்தால்தான் நடக்கும். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வருகிறார்.

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா."

"நான் விருந்தாளி. என் பேச்சு ஏறாது. நீதான் சொல்லோணும்."

வசந்தா தட்டுகளைத் துலக்கிக் கவிழ்த்தாள். "பிரபு மைக்கப் புடிச்சு நிப்பான். அத்தனை பேரு முன்னால என்ற பையன் எங்களப் பாத்துக்கறதில்லைன்னு ஆயிருமல்லோ" என்றாள்.

அன்று மாலை சங்கப் பொருளாளர் பாஸ்கர் வந்தார். சென்னைக்காரர், தங்கமான மனிதர், கையில் நிகழ்ச்சி நிரல். "நெகட்டிவா எதுவும் வேணாம் பிரபு. முதல் தடவையா இவ்ளோ பெரிய ஆள் நம்மளத் தேடி வர்றாரு. நம்ம கல்சர் காட்டுவோம், ஹேப்பியா அனுப்புவோம்" என்றார். பொன்னாடை போர்த்த ஊரில் மூத்த அம்மாள் ஒருவர் வேண்டும், பாஸ்கரின் மாமியாருக்குக் கூட்டம் என்றால் படபடப்பு, அதனால் வசந்தா ஆன்ட்டி போர்த்தட்டும் என்று முடிவாயிற்று. வசந்தா சரி என்று தலையாட்டினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஞாயிறன்று ஒரு பள்ளி அரங்கம். கயல் முதல் வரிசை ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நான் பார்வையாளர் பக்கம், முருகேசன் அண்ணனுக்கு அருகில். விளக்கு, வாழ்த்து, நடனம் எல்லாம் ஆயிற்று. பிரபு நல்ல ஆங்கிலத்தில் கலகலப்பாகத் தொகுத்தான். "இப்போது எங்கள் மரபுப்படி" என்று அவன் அழைத்ததும் வசந்தா பச்சைப் பட்டுச் சேலையில் மேடையேறினாள். ஆலோசகர் பழகிவிட்டவர், தானாகவே முதுகை வளைத்துக் குனிந்தார். வசந்தா பொன்னாடையைப் போர்த்தினாள். போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

வசந்தா இறங்கவில்லை. பொன்னாடையின் இரண்டு நுனியையும் கையில் பிடித்தபடியே நின்றாள். குனிந்த ஆலோசகரால் நிமிர முடியவில்லை. அந்த நிலையிலேயே தமிழில் பேச ஆரம்பித்தாள். வேன் சிக்னலோடு நின்றுவிடுவதை, சென்டர் அந்தப் பக்கம் இருப்பதை, ஒரே மூச்சில் சொன்னாள்.

மேடையில் மைக் வைத்திருந்தவன் பிரபு ஒருவன்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஆலோசகர் அவனைப் பார்த்தார். பிரபு தொண்டையைக் கனைத்து, "உங்களை வரவேற்பதில் மிகவும் சந்தோஷம் என்கிறார்கள்" என்றான்.

முன்வரிசையில் கயல் பாதி எழுந்துவிட்டாள். சந்தோஷம் என்பதற்கான ஆங்கிலம் வசந்தாவுக்குத் தெரியும், ஒன்பது வருடமாகக் கேட்கிற வார்த்தை. அவள் கோபப்படவில்லை.

"நான் அதச் சொல்லலையே கண்ணு. மறுக்காச் சொல்றேன், மெதுவாச் சொல்றேன், நீ அப்படியே சொல்லு."

அரங்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது புரிந்தது. பிரபு மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினான். அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள், அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். எங்களுக்கு ஒரு வேன் இருக்கிறது. அது சிக்னல் வரை வருகிறது. என் கணவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். என் மகன் வாரத்தில் மூன்று நாள் விடியாமல் எழுந்து கொண்டுபோய் விடுகிறான். அவன் வேலை போய்விடும் போலிருக்கிறது. அதுவரை தலையைக் குனிந்துகொண்டு சரியாகவே சொல்லிவந்தான்.

"நீ சிகாகோ போயிருந்தப்ப யாரும் எங்களக் கூட்டிட்டுப் போகல கண்ணு. நாங்க நடந்தோம். உங்கப்பா நடு ரோட்டுத் திட்டுல உக்காந்துட்டாரு. எந்திரிக்கவே முடியல."

பிரபு மைக்கைக் கீழே இறக்கினான். முருகேசன் அண்ணன் எனக்குப் பக்கத்தில் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். கயல் உட்கார்ந்துவிட்டாள். பிரபுவுக்குப் பதில் அவளே ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம், சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

கடைசியில் பிரபு சொன்னான். "நான் ஊரில் இல்லாத நாளில் இவர்கள் நடந்து போயிருக்கிறார்கள். என் அப்பா ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை." பிறகு, "இது எனக்குத் தெரியாது. எனக்கு இப்போதுதான் தெரியும்" என்றான். அது வசந்தா சொன்னது இல்லை, அவன் சொன்னது.

ஆலோசகர் பொன்னாடையோடு மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "எந்த சிக்னல்?" என்று கேட்டார். பிரபு இரண்டு ரோட்டின் பெயரையும் சொன்னான். கயலின் விரல்கள் ஓடின. "வேறு யார் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறது?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

முதலில் ஒரு கை. அப்புறம் பின்வரிசையில் இரண்டு. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். மைக்குக்கு வரிசை நின்றது. பாதியில் முடிகிற நடைபாதை, பஸ் வராத தெரு, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் அப்பா அம்மாக்கள். அசல் திங்கட்கிழமை. நன்றியுரை நடக்கவே இல்லை, பாஸ்கரும் அதைக் கேட்கவில்லை. ஆலோசகர் விமானத்தைத் தவறவிட்டார். போகும்போது என்னைத் தாண்டி நடந்தவர், பொன்னாடை நுனியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

வேன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுதும் இந்த நாள் வரை வரவில்லை. அறிக்கையில் ஏறிவிட்டது, இரண்டு ஊர் மேயரையும் பேச வைத்திருக்கிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கயல் சொல்கிறாள். அரசாங்கம் எந்த நாட்டிலும் அரசாங்கம்தான்.

நான் அங்கே இருந்த கடைசி செவ்வாய்க்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். விடிவதற்கு முன் வாசலில் ஹாரன் சத்தம். பார்த்தால் பாஸ்கர். "பிரபு தூங்கட்டும் ஆன்ட்டி, அவனுக்கு எட்டு மணி மீட்டிங். நாலஞ்சு பேர் டர்ன் போட்டு டிரைவ் பண்றோம். இன்னைக்கு நான்" என்றார். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

முன் சீட்டில் அவர் மாமியார். அரக்குப் பட்டு, ஃப்ரீசரில் பத்திரப்படுத்திய மல்லிகை, நெற்றியில் பெரிய பொட்டு. நாங்கள் மூவரும் பின்னால் ஏறினோம்.

"கோயிலுக்குங்களாம்மா?" என்று கேட்டார் முருகேசன் அண்ணன்.

"இல்ல தம்பி, உங்ககூடத்தான். வாசப்படி தாண்டி ரெண்டு மாசம் ஆச்சு. மாப்ள வண்டிய எடுத்தாரு, நானும் ஏறிட்டேன்."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பாஸ்கர் நடுத்திட்டையே பார்த்தார். பச்சை விழுந்ததும் வண்டி அந்த ஊருக்குள் போனது. மாமியார் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூடியிருந்த கடைகளையும் காலியான பெட்ரோல் பங்கையும் திருவிழா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார். சென்டர் வாசலில் இறங்கும்போது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வியாழக்கிழமையும் வருவீங்கல்ல தம்பி? நீங்க வந்தாத்தான் என்னையும் கூட்டிட்டு வருவாங்க."

அண்ணன் வசந்தாவைப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாளைப் பார்த்து, "வர்றனுங்கம்மா" என்றார்.